படிக்கட்டில் மூன்று நாற்காலிகள்

நான்காவது மாடியில் டிரைவர் தாத்தா தனியாகக் குடியிருந்தார். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதனால் வாடகை குறைவு. அவருடைய பென்ஷனுக்கு அதுதான் கட்டுப்படியானது.

எதிர்வீட்டுச் சுண்டுவுக்குப் பத்து வயது. ஒருநாள் தாத்தாவின் மாத்திரை டப்பா காலியாகக் கிடப்பதைப் பார்த்தாள்.

“தாத்தா, பிரஷர் மாத்திரை எங்கே?”

“தீர்ந்து மூணு வாரம் ஆச்சு.”

“தெருமுனை ஆஸ்பத்திரியில சும்மாவே தர்றாங்களே! நான் வாங்கிட்டு வரவா?”

“டாக்டர் என்னைப் பார்த்துதான் தருவாராம். எப்படியோ இறங்கிடுவேன்மா. ஏறும்போதுதான் முழங்கால் மக்கர் பண்ணுது. நடுவுல உட்காரவும் இடமில்ல.”

சுண்டு கீழே ஓடினாள்.

முதல் மாடித் தையல்கார அக்கா ஒரு ஸ்டூல் கொடுத்தார். இரண்டாம் மாடி டீச்சர், துணி குவிந்திருந்த நாற்காலியைக் காலி செய்து தந்தார். மூன்றாம் மாடி மாமாதான் முறைத்தார்.

“வழியில நாற்காலி போட்டா எல்லாரும் முட்டிக்க மாட்டாங்களா?”

அவர் சொன்னதும் சரிதான். சுண்டு யோசித்தாள்.

“மூலையில, சுவரோட ஒட்டிப் போட்டா?”

மாமா டேப் எடுத்து வந்து அளந்தார். மறுபடியும் அளந்தார். பிறகு, “அகலமானது சரிப்படாது” என்று சொல்லி, தன் ஒல்லி நாற்காலியையே கொண்டுவந்து போட்டார்.

மறுநாள் தாத்தா சுண்டுவோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். பிரஷர் எகிறியிருந்தது. டாக்டர் நன்றாகத் திட்டிவிட்டு மாத்திரை கொடுத்தார்.

திரும்பும்போது தாத்தா ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்தார். அக்கா தண்ணீர் கொடுத்தார். டீச்சர் நலம் விசாரித்தார். மூன்றாம் மாடியில் மாமா உற்றுப் பார்த்தார்.

“நான் கை காட்டக் காட்ட, பஸ்ஸை நிறுத்தாமப் போனது நீங்கதானே?”

“கூட்டம் பிதுங்குச்சே, என்ன பண்றது?”

“பின்னாடி சீட் காலியா இருந்துச்சு. நான் பார்த்தேன்!”

வழக்கு அரைமணி நேரம் நடந்தது. தீர்ப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. தாத்தா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு ஆஸ்பத்திரி லீவு தாத்தா!” என்றாள் சுண்டு.

“தெரியும். மூணாம் மாடி வழக்கு பாக்கியிருக்கே” என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து அவர் இறங்கத் தொடங்கினார்.