ரயிலுக்குள் ஓர் உப்பளம்

அனுஷியாவின் தெருவில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் எல்லோரும் ஓடுவார்கள். குடம், அண்டா, சொம்பு, காலி பாட்டில் என்று எது கையில் கிடைத்தாலும் நிரப்பிவிட வேண்டும். விட்டால் மறுநாள்தான்.

அந்தத் தண்ணீர் லேசாகக் கரிக்கும். ஊரைச் சுற்றி உப்பளம்; வேறு எப்படி இருக்கும்?

அனுஷியாவின் அப்பா ஜெயசீலன் பழைய பொம்மை ரயில்களை வாங்கிப் பழுதுபார்ப்பவர். சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில்கள் கூடத்தில் வரிசையாக நிற்கும். அவற்றுக்கெல்லாம் ராஜா, பச்சை நிற நீராவி எஞ்சின். வெள்ளரிக்காய் அளவுதான். உள்ளே தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால் 'கூ' என்று கத்திக்கொண்டு ஓடும்.

மறுநாள் பள்ளியில் கண்காட்சி. ஐந்தாம் வகுப்பின் சார்பில் அந்த எஞ்சின்தான் போகிறது. அனுஷியா வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

சாயங்காலம் அப்பா விளக்கை ஏற்றினார். எஞ்சின் 'உஸ்ஸ்' என்றது. நகரவில்லை.

"ஏம்பா, நேத்து ஓடுச்சே?"

"நேத்தே இழுத்துக்கிட்டுதான் ஓடுச்சு." அப்பா விளக்கை அணைத்தார். "பிஸ்டன் தேய்ஞ்சிருக்கும். பாண்டிச்சேரி பட்டறைக்கு எடுத்துட்டுப் போய்தான் பார்க்கணும்."

"அப்போ நாளைக்கு?"

"சாவி ரயில் எடுத்துட்டுப் போ."

"போங்கப்பா! நாலாங்கிளாஸ் அரவிந்தன் பேட்டரி ரயிலே வச்சிருக்கான். லைட்டு வேற எரியும்."

அப்பா சோறு வடிக்கப் போய்விட்டார். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, அனுஷியா மூடியைத் திருகித் திறந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. குச்சியால் சுரண்டினால் பொலபொலவென்று வந்தது.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே!

எங்கேயோ என்ன, பள்ளிக்குப் போகும் வழியில் தினமும்தான். உப்பளப் பாத்தியில் தண்ணீர் கட்டுவார்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும். உப்பு மட்டும் நிற்கும்.

"அப்பா! எஞ்சினுக்குள்ள உப்பு விளைஞ்சிருக்குது!"

அப்பா கரண்டியோடு வந்தார். "எப்படி விளையும்? நான் பைக் கடையில வாங்குற பேட்டரித் தண்ணிதானே ஊத்துறேன்? அதுல உப்பே கிடையாது."

அனுஷியா அலமாரியில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். கழுத்துவரை நிறைந்திருந்தது.

"தினமும் ஊத்துறீங்க. குறையவே இல்லையேப்பா?"

அப்பாவின் கரண்டி அப்படியே நின்றது. கதவுக்குப் பின்னால் தங்கை மேரிசெல்வியின் பாவாடை நுனி தெரிந்தது. அவள் ஒன்றாம் வகுப்பு.

"பாட்டில் காலியா இருந்தா குழாயில புடிச்சு வைக்கணும்னு நீதானே அக்கா சொன்ன?" செல்வியின் உதடு பிதுங்கியது.

அனுஷியாவுக்குக் கோபம் வரத்தான் பார்த்தது. ஆனால் சொன்னது அவளேதான்.

"ஆமாம்ப்பா, நான்தான் சொன்னேன். பாவம், சொட்டு சிந்தாம புடிச்சு வச்சிருக்கா."

அப்பா சிரித்துவிட்டார். "சரி, இறுகிப்போன உப்பு, வெறும் தண்ணிக்குக் கரையாது. எப்படி எடுக்கிறது?"

"பித்தளைச் சொம்பை புளி போட்டுதானே தேய்ப்போம்?"

"சக்கை குழாயை அடைச்சுக்கும்."

"அப்போ எலுமிச்சம்பழம்! வடிகட்டி ஊத்தலாம்."

செல்வி ஓடிப்போய்ப் பழம் எடுத்து வந்தாள். சாற்றைத் துணியில் வடிகட்டி, வெந்நீரில் கலந்து எஞ்சினுக்குள் ஊற்றினார்கள். சாப்பிட்டு முடித்துவிட்டு வந்து கவிழ்த்தால், அரிசி கழுவிய தண்ணீர்போல வெள்ளையாகக் கொட்டியது. அப்பா மெல்லிய கம்பியால் நீராவிக் குழாயைக் குத்திச் சுத்தம் செய்தார். பலமுறை அலசினார். தெருமுனையில் இருக்கும் ஆதிமூலத்தின் பைக் கடையிலிருந்து புது பாட்டில் பேட்டரித் தண்ணீர் வாங்கி வந்து ஊற்றினார். விளக்கை ஏற்றினார்.

'உஸ்ஸ்... கூ!' எஞ்சின் அப்பாவின் காலை இடித்துக்கொண்டு ஓடியது.

மறுநாள் கண்காட்சியில் அரவிந்தன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். "பேட்டரி எங்க போடணும்?"

"பேட்டரி கிடையாது. தண்ணிதான்."

"சும்மா சொல்லாத!"

அனுஷியா அவனையே தண்ணீர் ஊற்றச் சொன்னாள். எஞ்சின் 'கூ' என்று ஓடிய பிறகு அவன் அந்த மேஜையை விட்டு நகரவே இல்லை.

சில நாள் கழித்து அந்த பாட்டில் மறுபடி காலியானது. குழாயில் தண்ணீர் வந்தது. செல்வி குடம், சொம்பு எல்லாவற்றையும் நிரப்பினாள். பாட்டிலை மட்டும் தொடவில்லை. மறந்துவிடாமல் இருக்க, தன் சிவப்பு ரிப்பனை அதன் கழுத்தில் கட்டி வைத்தாள்.

மறுநாள் ஒற்றை ரிப்பனோடு வந்தவளிடம், "இன்னொண்ணு எங்கம்மா?" என்று டீச்சர் கேட்டார்.

"அது டூட்டியில இருக்குது டீச்சர்" என்றாள் செல்வி.