நான்கு என்று குறிக்கப்பட்ட வரிகள்

மாலை ஆறரைக்கு, சாப்பாட்டு மேஜையில் திறந்து கிடந்த அப்பாவின் மடிக்கணினி ஒருதரம் மணியடித்தது. ஐந்து மாதமாக வாயே திறக்காத, கடலை அளக்கும் ஏழாம் மிதவை ஒரு வரி அனுப்பியிருந்தது. அந்த வரியின்படி அது கடலில் இல்லை. கரையிலிருந்து பதினொரு கிலோமீட்டர் உள்ளே, அவரும் மகளும் வசிக்கும் வீட்டுத் தெருமுனையில் இருந்தது.

அப்பா மூக்கால் சிரித்தார்.

"தெருவுல நீந்துதாம். லூசுக் கருவி."

வரியின் கடைசிக் கட்டத்தில் நான்கு என்று அடித்தார்.

நான்கு என்றால் கெட்ட தரவு. அவருடைய கடல் ஆராய்ச்சி நிலையம் உலகத்தோடு பகிரும் ஒவ்வொரு எண்ணும் முதலில் அவர் கண்ணைத் தாண்டியாக வேண்டும். வெப்பம், உப்பு, ஆழம், எது அவருக்கு ஒவ்வவில்லையோ அதன் பக்கத்தில் ஒரு நான்கு விழும். நான்கு விழுந்த வரி வெளியே போகாது. கூடத்துச் சுவரில் ஒரு கேடயம் தொங்கியது, 'மிகத் தூய்மையான தரவுக்காக'. அதை அவர் தினமும் துடைத்தார். பக்கத்திலிருந்த அண்ணன் படத்தில் விரல் கனத்துக்குத் தூசி.

அவளுக்குப் பதினைந்து வயது. அந்தக் கேடயத்தைப் பார்த்தாலே பிடுங்கி எறியத் தோன்றும்.

அண்ணன் ஐந்து மாதம் முன்பு நிலையத்தின் கப்பலில் பயிற்சிக்குப் போனவன். ஏழாம் மிதவையைக் கடலில் இறக்கும்போது அதோடு சேர்ந்து விழுந்தான். ஒன்பது நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை. இன்று மதியம் அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது அவள் கணினியைத் திறந்தாள். தன் பணி எண்ணைத் தவிர வேறு கடவுச்சொல் யோசிக்கத் தெரியாத மனிதர். ஒதுக்கிய வரிகள் ஒரு கோப்பில் குப்பைபோல் குவிந்து கிடந்தன.

"அப்பா, அந்த நாப்பத்தோரு வரியை நான் பாத்துட்டேன்."

"எந்த வரி?"

"அண்ணன் விழுந்தப்புறம் வந்தது. ஆழத்தை அளக்க மூழ்க வேண்டிய மிதவை மூழ்காம மேலயே இருந்திருக்கு. மணிக்கு ஒரு வரி. எல்லாத்துலயும் வெப்பம் முப்பத்தாறு புள்ளி எட்டு. கடல் வெறும் இருபத்திநாலு. யாராவது அதை நெஞ்சோட கட்டிப் புடிச்சிருந்தாத்தானேப்பா..."

"முதல்ல நீ கணக்குல பாஸ் பண்ணு. அப்புறம் எனக்குப் பாடம் எடு."

"தேடுற கப்பல்காரங்க அந்த மிதவை எங்க இருக்குன்னுதானே கேட்டாங்க? நீங்க வெறும் பக்கத்தை அனுப்பியிருக்கீங்க!"

"கடல் தண்ணி முப்பத்தேழு டிகிரின்னு அனுப்பச் சொல்றியா? உலகமே கைகொட்டிச் சிரிச்சிருக்கும்டி."

"அந்த நாலை எடுத்துடுங்கப்பா. இப்பவாவது. அவன் உயிரோட இருந்தான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

"என் பேரு என்னாகிறது?"

அதுதான் அவருடைய கவலை. பேர். அவள் அவரைப் பார்த்தாள். வழுக்கையில் விளக்கு வெளிச்சம், விரலிடுக்கில் பாதி கடித்த பிஸ்கட். இந்த ஆளுக்கா அண்ணன் அவ்வளவு பயந்தான்?

மணி அடித்தது.

கட்டடத்தின் வாசல். வெப்பம் மூன்று டிகிரி. ஆழம் இரண்டாயிரம் மீட்டர்.

"பாரு, வாசல்ல இரண்டாயிரம் மீட்டர் ஆழமாம்," என்றார் அப்பா. நான்கு.

அவளுக்குக் காது அடைத்தது. எச்சில் விழுங்கியும் விடவில்லை. பாசியும் துருவும் நாள்பட்ட மீனும் கலந்த ஒரு வாடை, மூன்றாம் மாடியின் மூடிய ஜன்னல்களுக்குள் எந்த வழியாக நுழைந்தது என்று தெரியாமல், முதலில் திரைச்சீலையிலும் பிறகு அவள் தலைமயிரிலும் ஏறியது. ஜன்னல் கண்ணாடி, வெளியிலிருந்து யாரோ உள்ளங்கை வைத்து மெல்ல அழுத்துவதுபோல, நெறுநெறுவென்று முனகியது. கீழே லிஃப்ட் கதவு திறந்தது. மூடியது. கம்பிகள் இழுபடும் ஓசை. வழக்கத்தைவிடக் கனமாக.

"அப்பா, நாலை எடுங்க. அவன் அதுக்குத்தான் வரான்."

"போய்ப் படி, போ."

மணி. லிஃப்டுக்குள். நான்கு.

மணி. மாடி நடைவழி. நான்கு.

வெளியே ஏதோ உருளையான ஒன்று தரையில் இழுபட்டது. டங். இழுப்பு. டங். அதன் கூடவே ஈரமான காலடி. ஒரு கால்தான்.

கதவடியில் தண்ணீர் கசிந்து வந்தது. கருப்பாக. அவள் கால்விரலைத் தொட்டது. எரிவதுபோல் குளிர்ந்தது.

"அப்பா, கீழ பாருங்க."

அவர் பார்க்கவில்லை. கண் திரையில். முகத்தில் அதே இளப்பம். ஆனால் பிஸ்கட் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்து ஊறிக்கொண்டிருந்தது.

தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் வரவில்லை. விளக்கு அணைந்தது.

இருட்டு. திரை மட்டும் ஒளிர்ந்தது.

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மூச்சு விடவில்லை. அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒன்று நின்றது. உயரமாக. சொட்டிக்கொண்டு. அது குனிந்தது. கைகள் முன்னால் வந்தன. மெதுவாக. குழந்தையைத் தூக்குவதுபோல.

அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அண்ணனின் செல்லப் பெயர்.

மணி அடித்தது. புதிய வரி. அப்பாவின் நாற்காலி. வெப்பம் முப்பத்தாறு புள்ளி எட்டு.

கடைசிக் கட்டத்தில் ஒரு நான்கு விழுந்தது.

முப்பத்தைந்து. நான்கு.

முப்பத்தொன்று. நான்கு.

இருபத்தாறு.

திரை வெளிச்சத்தில் அப்பாவின் விரல் தெரிந்தது. நீலம் பாரித்திருந்தது. அதன்மேல் இன்னொரு விரல் படிந்திருந்தது, நகமில்லாமல், வெள்ளையாக, ஊறிப்போய். இரண்டும் சேர்ந்து அந்த விசையை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தன.