கைவிசேஷக் கடன்

அப்பா ஆர்த்திகாவுக்குத் தர வேண்டிய கடன் பதினெட்டு டொலர் எழுபத்தைந்து சதம்.

பத்து வயதுப் பிள்ளையிடம் ஓர் அப்பா ஏன் கடன் வாங்கினார்? அதைச் சொல்வதென்றால் மீன் பிடிக்கப் போன கதையைச் சொல்ல வேண்டும்.

அப்பாவின் பெயர் கிருஷ்ணகுமார். மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி இறக்குகிற வேலை. விடிய முன்னரே போய்விடுவார். திரும்பி வந்தால் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலேயே கண் சொக்கிவிடும்.

கோடை தொடங்கியபோது வேலையிடத்தில் ஒரு குலுக்கல் வைத்தார்கள். பரிசு, வழிகாட்டியோடு படகில் போய் மீன் பிடிக்க இரண்டு பேருக்கு இடம். அப்பா சீட்டில் தன் பெயரை எழுதவில்லை. ஆர்த்திகாவின் பெயரை எழுதிப் போட்டார். கோயிலில் அர்ச்சனை என்றாலும் சரி, லொத்தர் என்றாலும் சரி, அவருக்கு அவள் பெயர்தான். பிள்ளையின் பெயருக்கு ராசி என்பார்.

ராசி வேலை செய்தது. பரிசு விழுந்தது.

அன்றிலிருந்து அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. நோத்ர-டாம்-த-கிரேஸில் அவர்கள் இருந்த சின்ன வீட்டின் நடையில், தும்புத்தடியைத் தூண்டிலாகப் பிடித்து வீசிப் பழகினார். அம்மா அஜந்தா குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"மீன் வருதோ இல்லையோ, வீட்டுத் தூசி போகுது. விடாமல் பழகுங்கோ" என்றாள்.

மீன் பிடிக்க லைசென்ஸ் வேண்டும் என்று டிக்கெட்டோடு வந்த தாளில் போட்டிருந்தது. அப்பா வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கடையில் எடுத்து வந்தார். எடுத்தாயிற்று என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். யாரும் அதை விரித்துப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை மெட்ரோவும் பஸ்ஸும் பிடித்து ஆற்றங்கரைக்குப் போனார்கள். ஆர்த்திகாவின் பையில் ரொட்டியும் சம்பலும் இருந்தன. அடியில் சின்னப் பணப்பை. அதில் சித்திரை வருசத்துக்கு வீடு வீடாகப் பெரியவர்கள் கையில் வைத்த கைவிசேஷக் காசு. நல்ல கையால் கிடைத்த காசு என்று இதுவரை அவள் ஒரு சதமும் எடுக்கவில்லை. இன்று அதில் ஒரு தூண்டில் வாங்க நினைத்திருந்தாள். அவளுக்கே அவளுக்கென்று ஒன்று.

படகின் வழிகாட்டி லூசி. வெயிலில் சிவந்த மூக்கு, பெரிய சிரிப்பு. எல்லோருக்கும் 'போன்ஜூர்' சொல்லிக்கொண்டே லைசென்ஸ் பார்த்தாள். அப்பாவின் தாளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

ஆர்த்திகா என்பது யார் என்று லூசி பிரெஞ்சில் கேட்டாள். ஆர்த்திகா கையை உயர்த்தினாள்.

அப்பாவுக்குப் பிரெஞ்சு கொஞ்சம்தான் பிடிபடும். லூசி சொன்னதை ஆர்த்திகாதான் தமிழில் சொன்னாள்.

"அப்பா, நீங்கள் லைசென்ஸை என்ரை பேரில எடுத்திருக்கிறியள்."

"ஓம். உன்ரை பேருக்குத்தானே ராசி."

"உங்கடை பேரில எடுத்திருந்தால் அது பிள்ளைக்கும் செல்லுமாம், ரெண்டு பேரும் பிடிக்கலாமாம். இப்ப நான் மட்டும்தான் பிடிக்கலாமாம்."

அப்பா தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"அதுக்கென்ன? நீ பிடி. நான் பக்கத்தில இருந்து பார்க்கிறன்."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் ஆர்த்திகா அவருடைய கையைப் பார்த்தாள். தூண்டிலைப் பிடிப்பதுபோல விரல்கள் இன்னும் மடிந்தே இருந்தன.

ஒரு தரம் விட்டுவிடுங்கள் என்று லூசியிடம் கெஞ்சலாமா? பிடிபட்டால் லூசிக்கல்லவா பிரச்சினை. அது சரியில்லை. ஆர்த்திகா வேறு ஒன்று கேட்டாள். பக்கத்தில் எங்கே லைசென்ஸ் விற்கிறார்கள்?

மேலே தெருமுனையில் இருக்கும் டெப்பனரில், அந்தச் சின்னப் பலசரக்குக் கடையில், விற்கிறார்கள் என்றாள் லூசி. மற்ற ஆட்களுக்குத் தூண்டில் பூட்டிக் கொடுக்கக் கால் மணி நேரம் ஆகும், அதற்குள் வந்துவிட வேண்டும் என்றாள்.

அப்பா அசையவில்லை. விசயம் மெதுவாக வெளியே வந்தது. தண்ணீருக்குள் விழுந்துவிடும் என்று வங்கி அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். கையில் பத்து டொலர்தான்.

ஆர்த்திகா பணப்பையை எடுத்தாள்.

"வேண்டாம் பிள்ளை. அது கைவிசேஷக் காசு."

"சும்மா தரேல்லை அப்பா, கடன். வியாழக்கிழமை சம்பளம் வந்ததும் தாங்கோ."

அப்பா அவளையே பார்த்தார். கடன் என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் அவருடைய கால் நகர்ந்தது.

இரண்டு பேரும் ஓடினார்கள். கடைக்காரர் பெயரைக் கேட்டார். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆர்த்..." என்று தொடங்கினார். ஆர்த்திகா அவருடைய காலை மிதித்தாள்.

"கிருஷ்ணகுமார்" என்றார் அப்பா அவசரமாக.

இருபத்தெட்டு டொலர் எழுபத்தைந்து சதம். அப்பாவின் பத்துப் போக மிச்சத்தை ஆர்த்திகா எண்ணி வைத்தாள்.

படகு புறப்பட்டது. முதல் வீச்சில் அப்பாவின் தூண்டில் லூசியின் தொப்பியைக் கழற்றியது. இரண்டாவது வீச்சு தண்ணீரில் விழுந்தது. அதன்பிறகு அவருக்குக் கை வந்துவிட்டது. வெயில் ஏற, ரொட்டியைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். சம்பல் உறைத்து லூசி ஒரு போத்தல் தண்ணீரைக் குடித்தாள். பிறகு இன்னொரு துண்டு கேட்டாள்.

மத்தியானத்துக்குக் கிட்ட அப்பாவின் தூண்டில் வளைந்தது. மஞ்சள் வயிறும் கறுப்பு வரிகளுமாக, உள்ளங்கை அளவில் ஒரு மீன். சின்னது, விட்டுவிடலாம் என்றாள் லூசி. அப்பா அதை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் இறக்கினார். அது ஒரு கணம் நின்று, வாலை அடித்துப் போனது. அப்பா சிரித்தார். களைப்பு இல்லாத, அவசரம் இல்லாத சிரிப்பு. இப்படி ஒரு சிரிப்பு அவரிடம் இருந்தது ஆர்த்திகாவுக்குத் தெரியாது.

வீடு வரும்வரை பஸ்ஸிலும் மெட்ரோவிலும் அந்த மீன் வளர்ந்துகொண்டே வந்தது. கதவைத் திறந்தபோது முழங்கை அளவுக்கு ஆகிவிட்டது. ஆர்த்திகா திருத்தவில்லை.

அன்று இரவு படுத்திருந்தபோது அவள் ஒரு முடிவு எடுத்தாள். அந்தக் காசு திரும்ப வேண்டாம். அந்தச் சிரிப்புக்கு அது போதும்.

வியாழக்கிழமை அப்பா வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை, கை கழுவவில்லை. மேசையில் ஒரு பத்து டொலர் தாள், ஓர் ஐந்து டொலர் தாள், பிறகு சில்லறைக் குற்றிகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். அதற்காகவே கடையில் மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"வட்டியும் கேளடி" என்றாள் அம்மா.

வேண்டாம் அப்பா என்று சொல்ல ஆர்த்திகா வாயைத் திறந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். களைத்த முகம்தான். ஆனால் நிமிர்ந்து நின்றார், சொன்ன நாளில் சொன்னதைச் செய்த மனிசன் நிற்பதுபோல.

"அண்டைக்கு நீ இல்லாட்டி நான் கரையிலதான் இருந்திருப்பன், பிள்ளை" என்றார். "எண்ணிப் பார்."

ஆர்த்திகா வாயை மூடிக்கொண்டாள். கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, தாள்களையும் குற்றிகளையும் ஒன்று விடாமல் எண்ணினாள்.

"சரியா இருக்கு அப்பா. கடன் தீர்ந்தது."

அப்பா நிம்மதியாகக் குனிந்து, சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.