கன்னத்து மை

காலையில் குழந்தையின் இடது கன்னத்தில் வைத்த மை, சாயங்காலம் வலது கன்னத்தில் இருந்தது. இழுபட்டுக் கலைந்ததல்ல. பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நிதானமாக வைத்த வட்டப் பொட்டு.

வனஜா தன் விரல்களைப் பார்த்தாள். மை இல்லை. ஹெப்பகோடியில் மூன்றாம் மாடி வீடு. பகல் முழுக்க அவளும் குழந்தை தாரணியும் மட்டும்தான். ஷிஃப்டுக்குப் போயிருந்த கணவனுக்குப் போன் செய்தாள்.

"நீயே மாத்தி வெச்சிருப்ப. ஒழுங்கா தூங்குறியா மொதல்ல?" என்றான் ரகுராம்.

மாற்றி வைக்கவே மாட்டாள். தாரணி சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும். அதை மறைக்கத்தான் அந்த மை. திருஷ்டிக்கு என்பது ஊருக்குச் சொல்வது. எதிர்வீட்டு ருக்கு ஒருநாள் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே, உங்க ரெண்டு பேருக்கும் இல்லாத குழி இவளுக்கு எங்கேயிருந்து வந்தது என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்துதான் மை இடது கன்னத்துக்கு வந்தது.

அந்தக் குழி, கருமுட்டை கொடுத்தவளிடமிருந்து வந்தது. அவள் யார், எந்த ஊர் என்று கேட்கக்கூடாது என மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். "பாக்க லட்சணமா இருந்தா போதும் டாக்டர்" என்று ரகுராம் சொன்னபோது வனஜா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வாந்தியும் வலியும் தையலும் இவளுக்கு, முகம் மட்டும் அவளுக்கா? தாரணி இன்னும் அம்மா என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையாவது தனக்கு வேண்டும் என்று வனஜா காத்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போனது. மின்விசிறி தள்ளாடி நின்றதும், தெருவில் உறுமிய ஜெனரேட்டர்களின் சத்தத்துக்கு அடியில், உள்ளறைத் தொட்டிலின் ஸ்பிரிங் மெதுவாக, ஒரே சீராகக் கிறீச்சிடுவது கேட்டது. ஊசி போடுமுன் தேய்க்கும் ஸ்பிரிட்டின் வாசனை கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்கு வந்தது.

ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினாள். வலது கன்னத்து மையைப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். மைச்சிமிழைத் தடவி எடுத்து, இடது கன்னத்தில் அப்பினாள். தாரணி வீரிட்டு அழுதாள்.

"இவ எம்பொண்ணு," என்றாள் இருட்டைப் பார்த்து. "நான் பெத்தது. நீ போயிடு."

தொட்டில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு, யாரோ பிடித்து நிறுத்தியது போல நின்றது.

குழந்தையின் அழுகையும் நின்றது. தாரணி வனஜாவின் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள். அப்பிய மைக்கு நடுவே குழி விழுந்தது. இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"அம்மா."

ஸ்பிரிட் வாசனை. பிடரிக்கு வெகு அருகில்.

வனஜா திரும்பவில்லை. இறுக்கிப் பிடித்தாள்.

கையில் கனம் குறைந்தது.

இன்னும் இறுக்கினாள். இன்னும் குறைந்தது. குழந்தையின் கால்கள் அவள் இடுப்பை விட்டு, தோளை விட்டு, மேலே எழும்பின. அவள் பிடியில் மிஞ்சியது கவுனின் விளிம்பு மட்டும். மறுபக்கம் யாரோ பொறுமையாக இழுக்க, அது விறைத்து நின்றது.