மீன்பெட்டியில் செத்த நாய்

"நாய் நலமாக உள்ளது," என்று நகராட்சியின் தீர்ப்பான் இயந்திரம் மூன்றாம் நாளும் சொன்னது. "உடல் வெப்பம் மட்டும் சற்றுக் குறைவு. சத்து பிஸ்கட் பரிந்துரைக்கப்படுகிறது."

இசக்கியம்மாளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. நலமாக உள்ள அந்த நாய், முந்தாநாள் மத்தியானம் மீன் சந்தைக்குப் பின்னால் வறண்ட ஓடையில் வாயில் நுரை தள்ளச் செத்துப்போனதை இரண்டு கண்ணாலும் பார்த்தவள் அவள். சாகிற ஜீவன் ஆயிற்றே என்று சிரட்டையில் தண்ணீர் கொண்டுபோய்த் தள்ளி நின்று நீட்டினாள். நாக்கை நீட்டியது, விழுங்க முடியவில்லை. தொங்கிய தாடை வழியாகத் தண்ணீரெல்லாம் மண்ணுக்குப் போனது. அதற்கு முந்தின நாள்தான் அது அவள் புருஷன் சுடலைமணியின் கெண்டைக்காலைக் கவ்வியிருந்தது.

கவ்வியதோடு விடவில்லை. கிழட்டு நாய், ஒரு கோரைப்பல்லை அந்தக் காலுக்குள்ளேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. சிக்கல் அந்தப் பல்லில்தான்.

மணற்கரை நகராட்சியில் நாய்கள் எல்லாவற்றுக்கும் ஒரு கோரைப்பல் செயற்கை. அதற்குச் சான்றுப்பல் என்று பெயர். யாரை, எங்கே, எத்தனை மணிக்குக் கடித்தது என்று அந்தப் பல்லே ரத்தத்தை ருசித்துப் பார்த்துத் தீர்ப்பானுக்குச் சொல்லிவிடும். நாயின் உடம்புச் சூட்டையும் நிமிடத்துக்கு நிமிடம் அனுப்பும். முன்பெல்லாம் கடிபட்டவன் ஒரு நாயைச் சொல்ல, ஊரார் இன்னொரு நாயைக் கல்லால் அடித்துக் கொல்வார்கள். அந்த அநியாயம் இந்தப் பல்லால் ஒழிந்தது. அதுவரை நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் நல்ல கண்டுபிடிப்பு ஒன்று கையில் கிடைத்தால் அதற்கு ஒரு விதிமுறை எழுதாமல் நமக்குத் தூக்கம் வருமா?

உலகம் முழுக்கக் கடித்த அன்றே ஊசியைப் போட்டுவிடுகிறார்கள். பத்து நாள் கழித்தும் நாய் நன்றாக இருந்தால் மிச்ச ஊசியை நிறுத்திக்கொள்கிறார்கள். மணற்கரை அறிவாளிகள் ஊர். மருந்தை எதற்கு வீணாக்க வேண்டும் என்று வரிசையை மாற்றிவிட்டது: முதலில் பத்து நாள் நாயைப் பார்; அதற்குள் நாய் செத்தால் ஆறாவது நிமிடம் ஊசி போடு. நாய் செத்தது என்பதைப் பல்தான் சொல்ல வேண்டும். மனிதர்கள் சொன்னால் செல்லாது. மனிதர்கள் பொய் சொல்வார்கள்.

ஓடையில் கிடந்த உடலை அன்று சாயந்தரமே துப்புரவு இயந்திரம் அள்ளி எரித்துவிட்டது. சான்றுப்பல் இல்லாத நாய் கணக்கில் நாயே இல்லை, குப்பை.

கடிப்பிரிவு அலுவலகத்தில் இருந்த ஒரே மனிதர் ஜெபநேசன். மற்ற வேலையெல்லாம் சுவரில் இருந்த தீர்ப்பான் பார்த்துக்கொண்டது. சந்தையில் இருந்து நேராக வந்திருந்த இசக்கியம்மாள், ஐஸ் போட்ட மீன்பெட்டியை அவர் மேஜைக்குப் பக்கத்தில் டொப்பென்று வைத்தாள்.

"சார், முந்தாநாளும் சொன்னேன், நேத்தும் சொன்னேன். பல்லு இவுக காலுக்குள்ள கெடக்கு. அந்த மிசினு காட்டுதது நாய் சூடு இல்ல, இவுக சூடு."

"இருக்கலாம்மா. நான் இல்லைங்கல."

"அப்ப ஊசிக்கு எழுதுங்க."

"நாய் உயிரோட இருக்கும்போது எப்படிம்மா எழுத? சூடு போனாத்தான் எழுத முடியும்."

"சூடு எப்பம் போவும்?"

ஜெபநேசன் கெட்டவர் இல்லை. ஒரு வாக்கியம் எங்கே போய் முடியும் என்று யோசிக்காமலேயே அதை ஆரம்பிக்கும் பழக்கம் உத்தியோகத்தில் வந்துவிட்டது. சுடலைமணியின் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார்.

சுடலைமணி கல்யாண வீடுகளுக்கு மைக்செட் போடுகிறவர். மைக் இல்லாவிட்டாலும் வாய் சும்மா இருக்காது. அவரே உதவிக்கு வந்தார்.

"நான் செத்தா போயிரும் சார். நான் செத்த ஆறாவது நிமிசம் எனக்கு ஊசி பறந்து வந்திரும். அருமையான திட்டம். என்ன, கைய நீட்டத்தான் ஆளு இருக்க மாட்டேன்."

"நீங்க சும்மா கெடங்க," என்றாள் இசக்கியம்மாள். குரல் உடைந்தது. அதை மறைக்க இன்னும் கத்தினாள். "மூணு நாளாச்சு சார்! இந்த விசம் மண்டைக்கு ஏறிட்டா ஒலகத்துல எந்த டாக்டரும் காப்பாத்த முடியாதுன்னு வெளிய நீங்கதான போர்டு வச்சிருக்கீய? பிஸ்கட்டு மட்டும் வீட்டுக்குத் தெனம் வருது. நேத்து ரெண்டு பாக்கெட்டு!"

"நல்ல பிஸ்கட்டு சார், குத்தம் சொல்லக் கூடாது," என்றார் சுடலைமணி.

"பல்லையாவது எடுத்து விடுங்கன்னா, ஆசுபத்திரியில தொட மாட்டேங்காவ."

"தொடக் கூடாதும்மா. பதிவான நாயோட பல்லைப் பிடுங்குனா விலங்குவதை. ஆறு மாசம் உள்ள போடுவாங்க."

இசக்கியம்மாள் இடுப்புச் சாவிக்கொத்தில் தொங்கிய முள்வாங்கியைக் கழற்றினாள். தரையில் உட்கார்ந்து, புருஷன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள்.

"ஏட்டி, மீனுக்கு எடுக்க மாதிரி எடுத்துராத. எனக்கு உயிரு இருக்கு."

"பல்லக் கடிச்சுக்கிடுங்க."

"பல்லப் பத்திப் பேசாத."

ஜெபநேசன் "ஏம்மா, ஏம்மா" என்று எழுந்திருப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. சுடலைமணி போட்ட சத்தம் தெருவில் போன ஆட்டோவை நிறுத்தியது. ரத்தம் சொட்டிய பல்லை முள்வாங்கியோடு தூக்கி, விற்காமல் மிஞ்சிய மூன்று விளைமீனுக்கு நடுவில் ஐஸில் புதைத்தாள். பெட்டி ஓரத்தில் வைத்திருந்த கல்லுப்பில் ஒரு கை வாரி மேலே போட்டாள். உப்புப் பட்ட ஐஸ் எதையும் விறைக்க வைக்கும் என்று அவளுக்கு யாரும் விதிமுறை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

"உடல் வெப்பம் முப்பது," என்றது தீர்ப்பான். "பத்தொன்பது. ஆறு. நாய் மரணமடைந்தது. ஆழ்ந்த இரங்கல்."

அடுத்த நொடி வாசலில் இரும்புக் கதவு இறங்கத் தொடங்கியது. சந்தேக நாய் செத்த இடத்தைப் பத்து நாள் உள்ளிருப்பவர்களோடு பூட்ட வேண்டும் என்பது ஏழாம் விதி. ஜெபநேசன் ஓடினார். பிடித்து நிறுத்தப் பார்த்தார். விரல் தப்பியதே பெரிது.

சரியாக ஆறாவது நிமிடம் மருந்துத்தும்பி என்ற குட்டி ட்ரோன் மேல்சன்னல் வழியாக உள்ளே பறந்து வந்து, சுடலைமணியின் தோளில் உட்கார்ந்து ஊசியை ஏற்றியது. இசக்கியம்மாள் முகம் தெரியாதபடி குனிந்து மீனை அடுக்கினாள். மூன்று மீனை அடுக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"ஒரு ஊசி முடிந்தது," என்றது தீர்ப்பான். "இன்னும் மூன்று. கடைசி ஊசி இருபத்தெட்டாம் நாள். நாய் தொடர்ந்து இறந்திருந்தால் மட்டும் வழங்கப்படும்."

"தொடர்ந்து சாகுறதா?" என்றார் சுடலைமணி. "நம்மூர்ல அதுக்கும் கையெழுத்துப் போடணுமோ?"

"இருபத்தெட்டு நாளும் ஐஸ் மாத்துவேன்," என்றாள் இசக்கியம்மாள். "இருபது வருசமா அந்தப் பொழப்புதான பாக்கேன்."

கதவைத் தட்டிக் கை வலித்த ஜெபநேசன் திரும்பினார். "ஏம்மா, ஞாயித்துக்கிழமை என் மகளுக்கு நிச்சயதார்த்தம்! அப்பன் நான் இங்க நாயோட பூட்டிக் கெடக்கவா?"

"எந்த நாயோட சார்? இங்கதான் நாயே இல்லியே," என்றாள் இசக்கியம்மாள்.

"அது எனக்குத் தெரியுது, அந்த மிஷினுக்குத் தெரியணுமே!"

சொல்லிக்கொண்டே பாய்ந்தார். மீனைத் தள்ளி, ஐஸைக் கிளறி, பல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடினார். இசக்கியம்மாள் அவர் விரலைப் பிரிக்கப் பார்த்தாள். அவர் இன்னும் இறுக்கினார். தலைமுடியைப் பிடித்தாள், அது குறைவாகத்தான் இருந்தது.

"வெப்பம் இருபத்தெட்டு," என்றது தீர்ப்பான். "முப்பத்தைந்து. மரண அறிவிப்பு திரும்பப் பெறப்படுகிறது. நாய் நலமாக உள்ளது. எஞ்சிய மூன்று ஊசிகள் ரத்து."

இரும்புக் கதவு மேலே போயிற்று. வெயில் உள்ளே விழுந்தது. ஜெபநேசன் வாசல் வரைக்கும் போய்விட்டார்.

"புதிய கடி பதிவாகியுள்ளது. கடிபட்டவர் ஜெபநேசன், கடிப்பிரிவு. நாய் நலமாக இருப்பதால் ஊசி தேவையில்லை. பத்து நாள் காத்திருக்கவும்."

ஜெபநேசன் மெதுவாகக் கையை விரித்தார். கட்டைவிரலுக்குக் கீழே சதையில் பல் குத்தி நின்றது. ரத்தம் மணிக்கட்டுக்கு வழிந்தது.

"இது பல்லு மட்டும்தான்," என்றார் சுவரைப் பார்த்து. "நாய் செத்துப்போச்சு. ஓடையில. நுரை தள்ளிச் செத்துச்சு."

"நீங்கள் பார்த்தீர்களா?"

"இந்த அம்மா பாத்தாங்க!"

"அது பதிவில் இல்லை."

சத்தம் கேட்டு வெளியே வண்டியை நிறுத்தியிருந்த ஆட்டோக்காரர் "வாறியளா சார்?" என்று கேட்டார். ஜெபநேசன் காதில் அது விழவில்லை. திரும்பி நடந்து வந்து மீன்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"ஏம்மா," என்றார். "இந்த ஐஸு எத்தனை நாள் தாங்கும்?"

இசக்கியம்மாளின் நாக்கு நுனியில் ஏழெட்டு வார்த்தைகள் வந்து நின்றன. சந்தையில் எதிர்க்கடைக்காரியிடம்கூட அவள் சொல்லாத வார்த்தைகள். எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. சொல்லிக்கொண்டே முள்வாங்கியால் அவர் கையிலிருந்து பல்லை உருவி ஐஸுக்குள் புதைத்து, உப்பை அள்ளிப் போட்டாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனாள்.

"கடிபட்ட எடத்தைக் கால் மணி நேரம் சோப்பு போட்டுக் கழுவணும், அதுதான் மொத வைத்தியம்னு வெளிய எழுதி வச்சிருக்கீயள்ல? சோப்பு எங்க?"

"சோப்பு... கேட்டு எழுதியிருக்கோம். இன்னும் வரல."

இசக்கியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். மீன் நாற்றம் போகத் தனக்கென்று வைத்திருந்த சோப்புத் துண்டை மடியிலிருந்து எடுத்தாள். தண்ணீரைத் திறந்துவிட்டு, திட்டிக்கொண்டே, நுரை பொங்கப் பொங்க அவர் கையைத் தேய்த்தாள். வலியில் அவர் முனகியபோது கொஞ்சம் மெதுவாகத் தேய்த்தாள். திட்டுவதை மட்டும் குறைக்கவில்லை.

சுடலைமணி நொண்டி நொண்டி வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிசந்தான் ஆச்சு சார். இன்னும் பதிமூணு நிமிசம் திட்டு வாங்கணும் நீங்க. எனக்கெல்லாம் இருபது வருசம்."

பின்னால் தீர்ப்பான் வெப்பத்தை எண்ணிக் குறைத்துக்கொண்டிருந்தது. இரும்புக் கதவு மறுபடி இறங்கத் தொடங்கியது. இந்தத் தடவை அதை நிறுத்த யாரும் ஓடவில்லை.