மூன்று நாள் விடுப்பு

காலை 9.20. திருத்தணி, அரக்கோணம் சாலையில் இருந்த சாய ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடச் சோதனை முடிவுகளைக் காணோம். எந்தச் சாயம் எத்தனை சலவைக்குத் தாங்கியது என்ற நாலாயிரம் வரிகள், நகலோடு சேர்த்துக் கணினியிலிருந்து அழிக்கப்பட்டிருந்தன.

அவற்றைப் பாதுகாப்பது பெர்சிஸின் வேலை. வீட்டில் தனி ஆள். பேச்சுத்துணைக்கு ரேடியோ மட்டும். பெற்ற பிள்ளையைத் தொலைத்தவளாய் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து தேடினாள்.

எதை அழித்தாலும், வருகைப் பதிவுக்கு வைக்கும் அதே கைரேகையைக் கணினி கேட்கும். அழித்தவர் பெயராகப் பதிவாகியிருந்தது: நேற்று மாலை 4.50, சுதாகர்.

தலைவர் ராஜகோபால் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டுக்கு போலீஸ்ல சொல்லிடுவேன். வேற யாராவதுன்னா அதுக்குள்ள சொல்லும்மா."

பக்கத்து அறையில் மூத்த வேதியியலாளர் மனோன்மணி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். மார்ச் மாதக் காய்ச்சலில் இளைத்த உடம்பு இன்னும் தேறவில்லை. வெள்ளிக்கிழமையன்று சோதனை முடிவுகள் சென்னைக்குப் போனதும் கூடத்தை மூடுவதாக ஏற்பாடு.

10.05. சுதாகர் இளநிலை வேதியியலாளன், அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் மகன். உள்ளங்கையெல்லாம் தோலுரிந்திருந்தது.

"நேத்து நாலு அம்பதுக்கு எங்க இருந்தே?" என்று பெர்சிஸ் கேட்டாள்.

"தொட்டிகிட்ட மேடம். நூல அலசிகினு இருந்தேன்."

"யார் பாத்தாங்க?"

"யாருமில்லீங்க."

"மார்ச்ல மூணு நாள் லீவுன்னு மிஷின் காட்டுதே, எதுக்கு?"

"லீவே போடல. வேலைக்கு வந்துகினுதான் இருந்தேன். மிஷின்ல பதியல."

"இப்ப விரல வை."

சிவப்பு விளக்கு எரிந்தது. பத்து விரலுக்கும் சிவப்புதான். தினமும் உனக்காக யார் வைக்கிறார்கள் என்று கேட்டதற்கு அவன் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டான்.

11.30. பெர்சிஸ் எல்லோரையும் கூப்பிட்டாள்.

"சின்ன வயசுலேருந்து நூலுக்குச் சாயம் போட்டு, காரத் தண்ணில முக்கின கை. ரேகையே இல்ல. சேந்த அன்னிக்கு இவன் பேர்ல வேற யாரோ விரல் வெச்சிருக்காங்க. அவங்க வராத நாள்ல இவனும் வராத மாதிரி காட்டும். அந்த மூணு நாள் காய்ச்சல்ல படுத்தது நீங்கதானே, அக்கா?"

மனோன்மணி மறுக்கவில்லை. இடது மோதிர விரலை மிஷினில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் சுதாகர் பெயர்.

"ரேகை விழலன்னா வேலை கெடைக்காதேன்னு பாவம் பாத்து செஞ்சது. நேத்து அதையே வெச்சி அழிச்சிட்டேன்." தலை குனிந்தாள். "இவன் எங்கயாவது பொழச்சிக்குவான்னு நெனச்சேன். முடிவு போச்சுன்னா மொதல்லேருந்து செய்யணும். இன்னும் மூணு வருஷம், காலைல எழுந்து வர ஒரு எடம் இருக்கும். எனக்கு வீட்ல யாரும்மா இருக்காங்க?"

காலையில் கோப்பு இல்லை என்று தெரிந்ததும், அத்தனை பதற்றத்துக்கு நடுவிலும், இனி கூடத்தை மூட மாட்டார்கள் என்று பெர்சிஸுக்கும் ஒரு நொடி சந்தோஷம் வந்திருந்தது.

11.55. போலீஸுக்கு எழுதி வைத்திருந்த புகாரில் பெர்சிஸ் சுதாகர் பெயரை அடித்துவிட்டு, மனோன்மணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.