சுகத்துக்கு வரி

அளவு வாரம் வந்துவிட்டால் எங்கள் தெருவில் யாரும் மரத்தை ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். குனிந்த தலை நிமிராமல் போவார்கள். எதிர்வீட்டுத் தாமோதரன் வாசலுக்கு வரும்போதே விளக்கெண்ணெய் குடித்தவர்போல முகத்தை வைத்துக்கொள்வார். எல்லாம் வரிக்குப் பயந்துதான்.

வேலூர் வெயில் ஐம்பது டிகிரியைத் தாண்டிய பிறகு, தெருமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் காப்பது நகராட்சிக்குக் கட்டுப்படியாகவில்லை. மரத்தால் எவருக்குச் சுகமோ அவரே கொடுக்கட்டும் என்று பயன்வரியைக் கொண்டுவந்தார்கள். வீட்டு உரிமையாளர் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு நாடிப்பட்டை. வருஷத்துக்கு ஒரு வாரம், மரத்தைப் பார்க்கும்போது நெஞ்சு எவ்வளவு குளிர்கிறது என்று அது அளக்கும். அதற்கேற்ப வீட்டின் மீது வரி விழும். பட்டையைக் கழற்றினால் வீட்டின் மீதிருக்கும் உரிமையும் போய்விடும்.

எங்கள் வீடு என் மனைவி அரசியின் பெயரில் இருந்தது. தெருவிலேயே அதிக வரி எங்களுக்குத்தான். அரசிக்கு நடிக்க வராது. நோயில் விழுந்த பிறகு கட்டிலை ஜன்னலோரம் போடச் சொல்லி, நாள் முழுக்க வாசலுக்கு எதிரே நின்ற புங்கமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அளவு வாரத்திலாவது கண்ணை மூடிப் படு என்று நான் சிடுசிடுப்பேன்.

“எவ்ளோ வேணா போட்டுக்கட்டுங்க. நான் பாக்கறத பாத்துக்கிட்டுதான் இருப்பேன்” என்பாள்.

தை மாதம் போய்ச் சேர்ந்தாள். வீடு என் பெயருக்கு வந்தது, பட்டையும் வந்தது. பங்குனியில் அளவையாளர் நிலோபர் வந்து, என்னை ஜன்னலருகே உட்காரவைத்து மரத்தைப் பார்க்கச் சொன்னாள். பூ உதிர்ந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு சுகமும் தெரியவில்லை. இந்த வருஷம் வரியே வராது என்று நினைத்துக்கொண்டேன். அவள் கையிலிருந்த திரை சிவந்தது. இன்னொரு தடவை அளந்து பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சார், இது பயன் இல்ல. இடர்னு காட்டுது. இந்த மரம் உங்களுக்கு வலிய குடுக்குது.”

இடர் தரும் மரத்தை உடனே அகற்ற வேண்டும் என்பது சட்டம். எங்கோ ஒரு மரத்திலிருந்து விழுந்து பிள்ளை செத்துப்போக, அதே மரத்தைப் பராமரிக்க அந்தத் தாயிடமே வரி கேட்டார்களாம். அந்தப் பாவத்துக்குப் பிறகு எழுதிய சட்டம். இரக்கத்தில் பிறந்த சட்டத்தை யாரிடம் போய்த் திட்டுவது?

“வலிக்குதுதாம்மா” என்றேன். “ஆனா அந்த வலி எனக்கு வேணும். அவ பார்த்ததுன்னு எனக்கு மிச்சம் இருக்கறது அந்த மரம் ஒண்ணுதான்.”

“அதுக்கு இதுல இடமே இல்ல சார். சுகம்னா வரி, வலின்னா அகற்றம்.”

மறு அளவுக்கு ஒரு வாரம் தவணை கொடுத்தாள். அந்த வாரம் முழுக்கத் தெருவே கூடி எனக்குச் சந்தோஷப்படக் கற்றுக்கொடுத்தது. ஒரு வீட்டிலிருந்து பாயசம் வந்தது. இன்னொருவர் வந்து நகைச்சுவைத் துணுக்குகள் சொன்னார். தாமோதரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த நிழல் இல்லாவிட்டால் பேத்தி பகலில் தூங்கவே மாட்டாள், நல்லதாக எதையாவது நினைத்துக்கொண்டு பாருங்கள் என்று கெஞ்சினார். நினைத்தேன். கல்யாணமான புதிதில் அவளோடு மழையில் நனைந்தது, அவள் ஸ்கூட்டர் பழகியது என்று எல்லாவற்றையும் நினைத்தேன். நல்ல நாட்களை நினைக்க நினைக்கத்தான் மறு அளவில் திரை இன்னும் சிவந்தது.

கடைசியில் நிலோபர்தான் ஒரு வழி சொன்னாள். மரம் கண்ணில் படாத வீடு மரத்தின் எல்லையில் சேராது. ஜன்னலையும் முன்வாசலையும் சுவர் வைத்து அடைத்துவிட்டு, பின்சந்து வழியாகவே போய்வந்தால் இடர்க் கணக்கு ரத்தாகும். ஆனால் மரத்தருகே நான் இனி வரக்கூடாது. மரத்துக்கு என் வீடு கொடுத்துவந்த வரியையும் மற்றவர்கள் சுமக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அவள் தாமோதரனைப் பார்த்தாள்.

அவர் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். பிறகு, “நாங்க எல்லாரும் பாக்கறோம் சார். இனிமே ஒளிக்காம பாக்கறோம்” என்றார்.

மரத்தை வைத்துக்கொண்டு நான் பார்க்காமல் இருப்பதா, வெட்டக் கொடுத்துவிட்டு வெற்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதா? யோசிக்க ஒன்றுமில்லை. மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

முன்வாசலை முடித்துவிட்டு அவர் ஜன்னலுக்கு வந்தார். வரிசை வரிசையாகச் செங்கல் ஏறியது. நான் கட்டிலில் அரசி படுத்த பக்கமாகவே படுத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு கல் அளவுக்கு இடைவெளி மிஞ்சியபோது, அதற்குள் கொஞ்சம் பூவும் கொஞ்சம் வெயிலும் தெரிந்தன. மரத்தடியில் தாமோதரன் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, முகம் கோணாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை தூங்கிப்போயிருந்தது.

“வெச்சிடவா சார்?” என்று கொத்தனார் கேட்டார்.

கொஞ்சம் இரு என்றேன். இரண்டு தடவை அப்படிச் சொன்னேன். பாவம், அவர் கலவை காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வெச்சிடுப்பா” என்றேன்.

அரசி போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.